ஒல்லிப் பெட்டிக்கு ஒரு கார்டு

அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கம்பியூட்டர் திரைக்கு முன்னால் இழுத்துவிட்டு, "இப்பப் பாருங்கம்மா, நம்ம வீட்டுக்குள்ள போகப் போறோம்" என்றேன்.

அம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் வீட்டின் முன்கதவு தெரிந்தது. உள்ளே போவதற்கான விசையை அழுத்தினேன். கதவு அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். பெட்டிக்குள் காற்றாடி உறுமத் தொடங்கியது. அரை நிமிஷம் கழித்துக் கதவு பாதியாக உடைந்து, ஒரு பக்கம் நீலமாகி, அப்படியே நின்றுவிட்டது.

"கதவு ஒடஞ்சிருச்சா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா. பெட்டி யோசிக்குது."

"நல்லா யோசிக்கட்டும். நான் அதுக்குள்ள சோத்த வடிச்சிட்டு வாறேன்."

வடித்துவிட்டு வந்தபோதும் கதவு அதே கோலத்தில்தான் இருந்தது. அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாசலத் தாண்டவே முடியல. இதுக்குள்ள போய் நான் குடியிருக்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி வாசல் சாக்கடைக் கானுக்குள் போட்டிருப்பேன். போடவில்லை. அதற்கும் எனக்கும் உள்ள பழக்கம் அப்படி.

கட்டாத வீட்டுக்குள் போக வேண்டும்

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: இலங்கை மலையகத்தில், டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பன்னிரண்டு குடும்பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா என்று சுவரோடு சுவராக ஒட்டிய லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் அம்மா, நான், தம்பி முரளி. அப்பா எப்போதோ காலமாகிவிட்டார். நான் ஏன் கல்யாணம் கட்டவில்லை என்பதை ஒரு வாரம் முழுக்க எழுதித் திட்டும் வாங்கியாயிற்று, ஆகவே அது இங்கே வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் லயத்துக்கு மேலே, ரோட்டோரமாக எங்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் அளவில் காணி கிடைத்தது. கட்டாரில் வேலை பார்க்கும் முரளி ஆறு வார லீவில் வந்தான். அவன் திரும்பிப் போவதற்குள் அத்திவாரம் போட்டுவிட வேண்டும் என்று நாள் பார்த்தாயிற்று. கொத்து வேலை செய்யும் மேசன் பாஸிடமும் சொல்லியாயிற்று. அம்மா மட்டும் அசையவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இந்தக் காம்பராவுலயே இருந்துக்கிறேன்."

அப்படி இருந்துகொள்ள முடியாது. வீடு எழும்பினால் காம்பராவைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முரளியும் பிடிவாதக்காரன். "அம்மா வராத வீடு எனக்கு எதுக்கு? அவங்க சரின்னு சொன்னாத்தான் மண்வெட்டி எடுப்பேன். இல்லாட்டி இப்பிடியே பிளேன் ஏறிருவேன்" என்று சொல்லிவிட்டான். அவன் அடுத்த லீவுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

வீட்டுப் படத்தை நான்தான் வரைந்திருந்தேன். பேப்பரில் பெரிதாக எடுத்து அம்மா முன்னால் விரித்தேன். இது ஹோல், இது அடுப்படி, நடுவில் இருப்பது உங்கள் அறை என்று விரல் வைத்துக் காட்டினேன். அம்மா வெகு நேரம் குனிந்து பார்த்தார்.

"கோடு கோடா இருக்கு. இதுல நான் எங்க நிக்கிறேன்?"

நான் பேப்பரைச் சுருட்டினேன்.

"உள்ள போய்ப் பாத்தாத்தான் நான் சொல்லுவேன்" என்றார்.

"கட்டாத வீட்டுக்குள்ள எப்பிடிம்மா போறது?"

"அது ஓம்பாடு. நீதான கம்பியூட்டர் படிச்சவ."

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகாமல், "சரி, காட்டுறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றைக்குப் பிடித்த வேலைதான் அந்த உடைந்த கதவில் வந்து நின்றது.

பெட்டி வந்த கதை

அந்தப் பெட்டி முதலில் என்னுடையது இல்லை. தோட்டத்து ஆபீஸில் நான் கம்பியூட்டர் வேலை பார்த்த ஒன்பது வருஷமும் என் மேசையில் இருந்தது. இரும்பு அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஒடுக்கமான மேசை. அதில் சாதாரணப் பெட்டி நிற்காது என்று பார்த்து வாங்கின ஒல்லிப் பெட்டி. புத்தகம் மாதிரி நிமிர்த்தியும் வைக்கலாம், படுக்கவும் போடலாம்.

காலையில் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், யார் யார் பெயர் கொடுத்தார்கள், எந்த மலையில் எத்தனை கிலோ கொழுந்து என்று அதில் ஏற்றுவது என் வேலை. அம்மாவும் அப்போது மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆகவே அம்மாவின் பெயரை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது டைப் செய்வேன். மழை நாளில் நான் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரை அடிக்கும்போது, அந்தப் பெயருக்கு உரியவர் மழைக்குப் படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு அட்டைக் கடியில் நின்றிருப்பார். அதை நினைத்தால் விரல் கொஞ்சம் நிற்கும். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விடும்.

ஆபீஸுக்குப் புதுப் பெட்டிகள் வந்தபோது பழையவற்றை வேலைக்காரர்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மலை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா என்னிடம், "அந்தக் கெழட்டுப் பெட்டிய ஏன் புள்ள தூக்குற? அந்தா, நல்லா பெருசா ஒன்னு இருக்கு, அத எடேன்" என்றார்.

"இதோட பழகிட்டேன் ஐயா" என்றேன்.

தூறலில் கொழுந்துச் சாக்கைச் சுற்றித் தோளில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தேன். சாக்கில் இருந்த பச்சைக் கொழுந்து வாசம் பல நாள் அந்தப் பெட்டியை விட்டுப் போகவில்லை. காற்றாடி சூடானால் அடுப்படி வரைக்கும் மணக்கும். அம்மா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் பட்டை பட்டையாகத் திருநீறும் பூசினார். நான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர தடுக்கவில்லை. அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் அந்தப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகை போட்டேன், மரண அறிவித்தல் போட்டேன், கோயில் நோட்டீஸ் போட்டேன். காணி கிடைத்தவர்கள் வீடு கட்ட ஆரம்பித்ததும், கோயில் மேட்டில் சிக்னல் பிடித்து, வீடியோ பார்த்துப் பார்த்து வீட்டுப் படம் போடப் பழகினேன். எங்கள் தோட்டத்தில் அப்போது வேறு யாரும் அதைச் செய்யவில்லை. கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது, மறைப்பானேன்.

முரளி கொண்டுவந்த பூதம்

கதவு ஏன் உடைந்தது என்று எனக்குத் தெரியும். கோட்டுப் படத்தைப் பெட்டி தாங்கும். ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்தி, அதற்குள் ஆளை நடத்திக்கொண்டு போவதைத் தாங்காது. அதற்குக் கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்று வேண்டும். படம் வரைகிற வேலையை மட்டும் பார்க்கிற பலகை அது. அது இல்லாத பெட்டியில் மற்ற வேலையெல்லாம் பார்க்கிற மூளைதான் படத்தையும் வரைய வேண்டும். சமைக்கிறவளே பரிமாறி, அவளே சட்டியும் கழுவுகிற மாதிரி.

முரளி ஏதோ பேப்பர் வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தான். அங்கிருந்து போன் பண்ணினான். "அக்கா, கூட்டாளி ஒருத்தன்கிட்ட நல்ல கார்டு ஒன்னு இருக்கு. ஒன் பெட்டி என்ன சைஸ்?"

"சாதாரண சைஸ்தான்டா" என்றேன்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பொய் சொல்லவில்லை. ஒன்பது வருஷமும் அதற்குப் பிறகும் அந்த ஒரே பெட்டியோடு குப்பை கொட்டினவளுக்கு அதுதான் சாதாரணம்.

அவன் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். செங்கல்லைவிட நீளம். முகத்தில் இரண்டு காற்றாடி. பெட்டியைப் படுக்கப் போட்டுத் தகரத்தைக் கழற்றி, கார்டை மேலே வைத்துப் பார்த்தோம். நீளத்தில் ஹார்ட் டிஸ்க் இடித்தது. உயரத்தில் பாதி வெளியே நின்றது. போதாததற்கு, அந்தப் பூதத்துக்குக் கரண்ட் கொடுக்க ஆறு துளை வயர் ஒன்று வேண்டும். என் பெட்டியில் அப்படி ஒரு வயரே கிடையாது.

முரளி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மேல இருக்கிற தகரத்த வெட்டிருவோமாக்கா? பாஸ்கிட்ட கட்டர் இருக்கு."

"ஒன் தலைய வெட்டுவேன்."

"நீதான சாதாரண சைஸ்னு சொன்ன."

அதற்கும் சேர்த்து இன்னும் சத்தமாகத் திட்டினேன். அம்மா இஸ்தோப்பிலிருந்து, "பெட்டிக்கே ஒரு வீடு கட்டணும் போல" என்றார். பக்கத்துக் காம்பராவில் சரசு அத்தை சிரிப்பது சுவர் வழியாகக் கேட்டது.

ஹட்டனில் நிஸாம் நானா

இந்தத் தடவை அளவு சொல்லும் வேலையே வேண்டாம் என்று, பெட்டியையே சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். பூதம் தனியாக ஒரு பையில். கண்டக்டர் என் மடியில் இருந்த சாக்கைக் காட்டி, "மேக்க மொகக்த நங்கி?" என்று சிங்களத்தில், இது என்ன தங்கச்சி என்று கேட்டார். "கம்பியூட்டர் எகக்" என்றேன். கோழி என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது. தட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழித்தார்.

அக்கரப்பத்தனை தாண்டி லிந்துல வரைக்கும் பனிமூட்டம். தலவாக்கலையில் கொஞ்சம் வெளித்தது. ஹட்டனில் இறங்கும்போது மழை.

நிஸாம் நானாவின் கடை பெரிய ரோட்டுக்குப் பின்னால், ஒரு துணிக்கடைக்கு மேலே, மரப்படியில் ஏறிப் போக வேண்டும். போன் திருத்துவதும் கம்பியூட்டர் திருத்துவதும் ஒரே மேசையில். ஆபீஸில் இருந்த காலத்திலேயே எனக்கு அவரைத் தெரியும்; முஸ்லிம் வீடுகளில் அண்ணன் என்பதற்கு நானா. பெட்டி படுத்துவிட்டால் அவர்தான் வந்து எழுப்பிவிட்டுப் போவார்.

"அட, இவரா?" என்று பெட்டியைப் பார்த்ததும் நலம் விசாரித்தார். என்னை விசாரிக்கவில்லை.

தகரத்தைக் கழற்றியவர் அப்படியே நின்றார். "என்ன தங்கச்சி, உள்ளுக்கெல்லாம் திருநீறா ஈக்கி."

"அம்மா வருஷா வருஷம் பூசைக்குப் பூசுவாங்க நானா."

"பூசினது நல்லந்தான். அதாலதான் இவ்வளவு நாள் ஓடியீக்கும்." காற்றாடியைத் தூரிகையால் தட்ட, வெள்ளையாகக் கொட்டியது. "இனி வெளிப்பக்கம் மட்டும் பூசச் செல்லுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் கண்டுகொள்ளாமல், பையில் இருந்த பூதத்தை எடுத்து ஒரு பார்வை பார்த்து, சிரிக்காமல் பக்கத்தில் வைத்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

"எதுக்குக் கார்டு? கேம் அடிக்கவா?"

"அம்மாவுக்கு வீடு காட்ட."

முழுக் கதையையும் சொன்னேன். சரி என்று சொல்ல அம்மா வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும், முரளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் கீழே ஆள் அனுப்பி இரண்டு பிளேன்டீ வரவழைத்தார். பிறகு கார்டைப் பற்றி ஒன்றும் பேசாமல் லயத்தைப் பற்றிக் கேட்டார்.

"பின்னேரத்தில ஒங்கட லயத்தில கரண்ட் எப்பிடி?"

"ஆறு மணிக்குப் பன்னெண்டு காம்பராலயும் கரண்ட் கேத்தல் போட்டா பல்ப் மங்கிரும் நானா."

"அப்ப கரண்ட் குடிக்கிற சாமான் வாணாம்."

மூன்று கார்டுகளை மேசையில் பரப்பினார். ஒன்றைத் தொடவேண்டாம் என்றார். அது யாரோ இணையத்தில் கிரிப்டோ காசு தோண்டுவதற்காக இராப்பகலாக ஓடவிட்ட கார்டு. பார்க்கப் பளபளவென்று இருக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது புத்தம் புதிது, பெட்டியோடு. "இது பேருக்குத்தான் கார்டு. இப்ப ஒங்கட பெட்டிக்குள்ள ஈக்கிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல" என்றார்.

மூன்றாவது பாதி உயரந்தான். ஒரு உள்ளங்கையில் அடங்கியது. ஒரே ஒரு சின்னக் காற்றாடி. தனி வயர் கேட்காது, பலகையிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும்.

"இவ்வளவு சின்னதா? போதுமா நானா?"

"பெருசு வாங்கி என்ன செய்ய? பெட்டிக்குள்ள போகணும். கரண்ட் தாங்கணும். ஒங்கட வேலைக்குக் காணணும். இது மூணுக்கும் சரி." மேசை லாச்சியை இழுத்துத் தேடி, பிளாஸ்டிக் உறையில் இருந்த குட்டித் தகடு ஒன்றை எடுத்தார். கார்டில் இருந்த நீளத் தகட்டைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினார். "இந்தத் தகடு இல்லாட்டி ஒங்கட ஒல்லிப் பெட்டிக்கு இது போகாது. சின்னச் சாமான்டு தூக்கி எறிஞ்சிட்டு, பொறகு தேடி வருவாங்க."

விலைக்கு ஈடாக முரளியின் பூதத்தை அவரே எடுத்துக்கொண்டார். கார்டை உள்ளே வைத்து அமுக்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? ஒன்பது வருஷம் கூட இருந்த பெட்டி, இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருக்கும். அதை நினைத்து பஸ் ஸ்டாண்டில் அம்மாவுக்கு ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கினேன்.

ரெண்டு தட்டு

திரும்பி வரும்போது பஸ்ஸில் சரசு அத்தையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் சரசு அத்தையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தவர்கள். லயத்தில் ஒருவருக்கு மட்டுமான சுவர் என்று எதுவும் கிடையாது. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காரை கொட்டும். நான் பரீட்சையில் கோட்டை விட்டது என் வாயால் வருவதற்கு முன்னாலேயே பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியும். அந்தச் சுவர் மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல் இருந்தது. தனிவீடு வந்தால் முதலில் அழியப் போவது அந்தத் தொல்லைதான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அப்படி இல்லை. குழாயில் தண்ணீர் வந்தால், முதலில் பார்த்தவர் அகப்பையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு பதிலுக்கு வரும். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் குடத்தோடு கிளம்பிவிடுவார்கள். அப்பா போன அன்றைக்கு அம்மா தட்டவே இல்லை. அம்மாவின் குரல் மாறியதைக் கேட்டே சரசு அத்தை ஓடி வந்துவிட்டார்.

அம்மா ஏன் வீட்டுக்கு வர மறுக்கிறார் என்பது எனக்கு அந்த வாரம்தான் புரிந்தது. அதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. குழாயடியில் சரசு அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது. "செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இல்லாம எனக்குத் தூக்கம் வராது சரசு." இத்தனைக்கும் எங்கள் காணிக்கு அடுத்த காணி சரசு அத்தைக்குத்தான் கிடைத்திருந்தது. நடுவில் ஒரு கான், கொஞ்சம் இடைவெளி, அவ்வளவுதான். அந்த இடைவெளிதான் அம்மாவுக்குக் கஷ்டம்.

வெயில் போட்டேன்

அடுத்த நாள் மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டேன். அம்மா நாற்காலியில். சரசு அத்தை முக்காலியில். முரளி கதவில் சாய்ந்துகொண்டு.

விசையை அழுத்தினேன். கதவு திறந்தது. உடையவில்லை, நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு உள்ளே போனோம். அம்மா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போ, மெதுவா" என்றார். சரசு அத்தை காலைத் தூக்கிக்கொண்டார், வாசற்படி தட்டிவிடும் என்ற நினைப்பில்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பெட்டி தாங்காது என்று இதுவரை வெயிலையும் நிழலையும் போடாமலே வைத்திருந்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரி வெளிச்சமாக இருக்கும். இப்போதுதான் கார்டு இருக்கிறதே. காலை பத்து மணி வெயில் என்று தட்டினேன்.

முன் ஹோலில் வெயில் விழுந்தது. ஜன்னல் கம்பி நிழல்கூடத் தரையில் தெரிந்தது. "அடியாத்தி" என்றார் சரசு அத்தை. நான் அப்படியே திரும்பி அம்மாவின் அறைக்குள் போனேன்.

கும்மிருட்டு.

வெளியே வந்து மறுபடி போனேன். இருட்டுத்தான். அந்தப் பக்கத்து அறைக்குப் போனேன். அதுவும் இருட்டு. உடனே நிஸாம் நானாவுக்குப் போன் போட்டேன்.

"நானா, கார்டு சரியில்ல. உள்ள போனா இருட்டாக் காட்டுது."

"முன்னுக்கு எப்பிடி?"

"முன்னுக்கு நல்லா வெளிச்சம்."

"தங்கச்சி, கார்டுக்கு இருட்ட உண்டாக்கத் தெரியாது. நீங்க வரைஞ்சதத்தான் அது காட்டும். வீட்டப் பாருங்க."

போனை வைத்துவிட்டு வீட்டைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மாதான் முன்னால் குனிந்து, அந்த இருட்டு அறையின் பக்கச் சுவரில் விரலை வைத்தார்.

"கலா, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"யாரும் இல்லாட்டி ஏன் ஜன்னல் வைக்கல?"

படத்தைத் திருப்பி வீட்டை வெளியே சுற்றி வந்தேன்.

முன்னால் இரண்டு ஜன்னல் வைத்திருந்தேன். பின்னால் அடுப்படிக்கு ஒன்று. இரண்டு பக்கச் சுவரிலும், வீட்டின் முழு நீளத்துக்கும், ஒரு துவாரம்கூட இல்லை. நாலு பக்கமும் வெளியாக இருக்கிற காணியில், இரண்டு பக்கமும் ஆள் குடியிருக்கிற மாதிரி ஒரு வீட்டை வரைந்து வைத்திருக்கிறேன். லயத்துக் காம்பராவுக்கு முன்னும் பின்னும்தான் வெளிச்சம், பக்கம் என்பது அடுத்தவன் சுவர். பிறந்ததிலிருந்து பார்த்த சுவரை என் கை அப்படியே கொண்டுபோய்ப் புது வீட்டில் வைத்துவிட்டது.

நான் ஒருத்தி மட்டும் இல்லை. முரளி அந்தப் படத்தைக் கட்டாரில் மூன்று மாதம் போனில் வைத்துப் பார்த்திருக்கிறான். மேசன் பாஸ் அதைப் பார்த்துக் காணியில் கயிறு கட்டியிருந்தார். அவரும் லயத்தில் பிறந்தவர். ஒருவருக்கும் தோன்றவில்லை. சாதாரண வீடுதானே என்று இருந்துவிட்டோம்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதற்கு முன் இரண்டு பேருக்கு வரைந்து கொடுத்த வீடுகள் வேறு ஞாபகத்துக்கு வந்தன. மறுநாளே போய்ச் சொன்னேன். ஒருவர் சுவரை இடித்து ஜன்னல் வைத்துக்கொண்டார். மற்றவர், "இருக்கட்டும் புள்ள, இருட்டா இருந்தாத்தான் எங்களுக்கு வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

அம்மா என் அழுகையைக் கவனிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரசு வீடு இந்தப் பக்கந்தான வருது?"

"ஆமாம்மா."

"அவ அடுப்படி?"

"இதுக்கு நேராத்தான்."

"அப்ப இங்க ஒன்னு வை. இங்கேருந்து பாத்தா அவ அடுப்படி தெரியணும்."

"எனக்கும் நேரா ஒன்னு வச்சிரு கலா" என்றார் சரசு அத்தை.

அங்கேயே வைத்தேன். சுவரில் ஒரு சதுரம் விழுந்தது. வெயில் உள்ளே வந்து அம்மாவின் அறைத் தரையில் ஒரு துண்டாக விழுந்தது. காற்றாடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, படம் நடுங்கவே இல்லை. அம்மா அந்த வெயிலில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கதவில் சாய்ந்திருந்த முரளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அத்திவாரம் என்னைக்குன்னு சொன்ன?"

முரளி வெளியே போய்விட்டான். இஸ்தோப்பில் நின்று மூக்கைச் சிந்துவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. லயத்தில் எதையும் மறைக்க முடியாது.

இப்போது

இதை அந்தப் பெட்டியில்தான் எழுதுகிறேன். குட்டிக் கார்டு இன்னும் ஓடுகிறது. திருநீறு இப்போது வெளிப்பக்கம் மட்டும். மேசையை அம்மாவின் அறையில், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். காலை பத்து மணிக்கு வெயில் நான் அன்றைக்குப் போட்ட இடத்தில் சரியாக விழுகிறது.

புது வீட்டுக்கு வந்த முதல் வாரம் அம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரண்டை நின்றதைப் பார்த்தேன். தட்டவில்லை, அகப்பையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார். எனக்கு மனசு என்னவோ செய்தது.

இங்கேயும் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது, ரோட்டுக் குழாயில், விடிய முன்னால். இன்று காலையும் நான் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது கானுக்கு அந்தப் பக்கம் சரசு அத்தையின் அடுப்படி விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடியும் ஒரு தடவை அணைந்து எரிந்தது.

அம்மா கட்டிலில் இருந்து எழுந்து, எங்கள் விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட்டார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.